எமகண்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம்

மத்திய வங்கியில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் கிராமத் தங்கல் பயிற்சிக்காக விழுப்புரம் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், உங்க சர்வீஸ்ல நீங்க எடுத்த ரொம்பக் கஷ்டமான முடிவு எது?" வட்டி விகிதத்தைப் பற்றிச் சொல்வேன், ரூபாய் சரிந்த நாட்களைப் பற்றிச் சொல்வேன் என்று எல்லோரும் பேனாவை எடுத்தீர்கள். திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கிரயப் பத்திரத்தை வேண்டுமென்றே மெதுவாகப் படித்ததுதான் என்றேன். பேனாக்களை மூடிவிட்டு மரியாதைக்குச் சிரித்தீர்கள். அதற்குள் வேன் வந்துவிட்டது, கிளம்பிவிட்டீர்கள். ஓய்வு பெற்றவர்களிடம் கேள்வி கேட்பதில் ஒரு ஆபத்து உண்டு. பதிலை முழுதாகச் சொல்லாமல் விடமாட்டோம். ஆகவே உட்கார்ந்து படியுங்கள்.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். பிறகு மத்திய வங்கிக்குப் போனேன். கடைசியில், எண்ணெய் விலையும் நாணயமும் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று வளைகுடாவில் ஒரு சின்ன நாட்டுக்கு என்னைத் தூதராக அனுப்பினார்கள். இரண்டு வேலையும் வேறுவேறு என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டிலும் சம்பளம் வாய் திறக்காமல் இருப்பதற்குத்தான்.

வட்டி விகிதம் அறிவிக்கும் வாரத்தில் நாங்கள் வெளியாட்களிடம் பேசக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் துறையில் ஒரு மூத்த அதிகாரி இருந்தார். அந்த வாரம் முழுவதும் கேன்டீனில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே தயிர்சாதத்தைச் சாப்பிடுவார். ஒரு தடவை வயிற்றுக் கோளாறு என்று மத்தியானம் சாப்பிட வரவில்லையாம். உள்ளே ஏதோ அவசரக் கூட்டம் நடக்கிறது என்று சந்தையில் பேச்சு கிளம்பிவிட்டது. "வாயை மூடிட்டா போதும்னு நினைக்காதே. நீ எங்கே உட்கார்றேன்னுகூட ஒருத்தன் பார்த்துக்கிட்டிருக்கான்" என்பார். அவர் சொன்னதை எல்லாம் நான் பின்பற்றினேன் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி சலீம் விஷயத்துக்கு வருகிறேன். சலீம் கோட்டக்குப்பத்துக்காரர். நான் தூதராக இருந்த நாட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கர். முதலாளி வெளியூர் போகும்போதெல்லாம் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை இவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் போனவர் திரும்பி வரவில்லை. காசோலைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. அந்த நாட்டில் காசோலை திரும்பினால் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் சிறை. யாருடைய பணம் என்பதை அப்புறம்தான் பார்ப்பார்கள். சிறையில் அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஜெய்னப்புகிட்ட நான் நல்லா சாப்புடறேன்னு சொல்லுங்க மேடம்." எலும்பும் தோலுமாக உட்கார்ந்துகொண்டு சொல்வார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். நோன்பு மாதத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மன்னர் சில கைதிகளுக்கு மன்னிப்பு அளிப்பார். பெயர்கள் வானொலியில் வாசிக்கப்படும். அதற்கு முன்னால் ஒரு பெயர் வெளியே வந்துவிட்டால் அதை ஆணையிலிருந்தே எடுத்துவிடுவார்கள். யாரோ நெருக்கி மன்னர் பணிந்தார் என்று பேச்சு வரக்கூடாதாம். நான் அங்கே போவதற்கு முந்தைய வருடம் வேறொரு நாட்டுக்காரருக்கு அப்படி ஆனது. எங்கள் முயற்சியால் விடுதலை என்று அவருடைய ஊர்ப் பத்திரிகை முந்திக்கொண்டு எழுதிவிட்டது. வானொலியில் அவர் பெயர் வரவில்லை.

விடுப்பில் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அரண்மனை அதிகாரி ஒருவரிடம் விடைபெறப் போனேன். அவரும் முன்பு அந்த நாட்டு மத்திய வங்கியில் இருந்தவர்தான். பல கூட்டங்களில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கியிருக்கிறோம். காபி வந்தது. பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். எழுந்திருக்கும்போது, "வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உங்களைக் கூப்பிடுகிறேன். அதுவரை அந்தக் கணக்கரின் பெயர் உங்கள் பக்கத்திலிருந்து யார் வாயிலும் வராமல் இருந்தால் நல்லது" என்றார். அவ்வளவுதான். வேறு யாராவது இருந்திருந்தால் இதை வெறும் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர் இவ்வளவு சொன்னால் அது ரொம்ப அதிகம். சலீம் பெயர் ஆணையில் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டேன் என்றுதான் சொல்ல முடியும், தெரியும் என்று சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க அதில்தான் நிற்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை காலை நான் திண்டிவனத்தில் என் தம்பி வீட்டில் இருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சலீமின் மனைவி ஜெய்னப்பும் அவளுடைய அண்ணன் ஹபீப்பும் இறங்கினார்கள். நான் ஊருக்கு வந்திருப்பதைக் கேள்விப்பட்டுக் கிளியனூர் வழியாக வந்திருக்கிறார்கள். ஜெய்னப்பை நான் அதற்கு முன் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதிகம் பேசாத பெண். எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வாள். ஹபீப் அதற்கும் சேர்த்துப் பேசுகிறவர். கோட்டக்குப்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார்.

"மேடம், இன்னிக்கு ரிஜிஸ்டர் பண்றோம். இங்கதான், திண்டிவனத்துல" என்றார் ஹபீப்.

"எதைப்பா?"

"வீட்டத்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு எங்க அத்தா அது பேர்ல எழுதிக் குடுத்த வீடு. அத்த வித்துப் பணத்தை அனுப்பிட்டா மச்சானை வெளிய எடுத்துடறேன்னு அங்க ஒருத்தர் சொல்லிக்கினு இருக்காரு."

அந்த ஆளை எனக்குத் தெரியும். இதே போல இன்னும் சில குடும்பங்களிடம் பேசியவன். யாரையும் வெளியே கொண்டுவந்ததாக நான் கேள்விப்படவில்லை. "அவனை நம்பாதீங்கன்னு போனிலேயே சொன்னேனே தம்பி" என்றேன்.

"சொன்னீங்க மேடம். நீங்களும் போன நோன்புலேர்ந்து பாத்துக்கினு இருக்கோம், பாத்துக்கினு இருக்கோம்னுதான் சொல்றீங்க. அந்தாளு தேதி சொல்றாரு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பணம் போயாவணுமாம். நோன்பு ஆரம்பிச்சிட்டா அங்க எந்த ஆபீசும் வேலை செய்யாதாம். எங்களுக்கு வேற என்னா வழி இருக்குது, நீங்களே சொல்லுங்க."

எனக்கு என்ன வழி இருக்கிறது என்று அவரிடம் திருப்பிக் கேட்க முடியவில்லை. எத்தனை மணிக்குப் பதிவு என்று மட்டும் கேட்டேன்.

"அது ஒரு பேஜாரு மேடம். காலைலயே முடிச்சிருக்கலாம். வாங்கறவரு இங்க மல்லாட்டை மண்டி வச்சிருக்காரு. பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம், அதுல கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டாரு. அப்புறம் எனக்கு ஜும்ஆ. மூணுக்கு மேல எமகண்டமாம். கடைசில ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும்தான் ரெண்டு பேருக்கும் தோதா கெடச்சிது. இன்னிக்கு விட்டா மண்டிக்காரரு வேற எடம் பாத்து வச்சிருக்காரு, அதுக்குப் போயிடுவாரு."

மனசுக்குள் நேரத்தைப் போட்டுப் பார்த்தேன். அங்கே ஜும்ஆ முடிந்து பெயர்களை வாசிக்கும்போது இங்கே மூன்று மணி தாண்டிவிடும். அதாவது வீடு கையை விட்டுப் போன பிறகுதான் செய்தி வரும். அதற்குள் ஜெய்னப் என்னை நேராகப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"நீங்க சொல்லுங்க மேடம். வித்துடட்டா?"

எனக்குப் பழகிய வாக்கியம் தானாக வந்தது. "அது உங்க குடும்பம் எடுக்கவேண்டிய முடிவுமா. நான் இதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

இந்த வாக்கியத்தை எத்தனை நிருபர்களிடம் சொல்லியிருப்பேன்! ஒருவருக்கும் ஒரு கேடும் வந்ததில்லை. ஜெய்னப்பின் முகம் மட்டும் அப்படியே விழுந்துவிட்டது. சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றால் நம்பிக்கைக்கும் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டாள். துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, வர்றேன் மேடம்" என்று எழுந்தாள். கலக்கிக் கொடுத்த காபி அப்படியே இருந்தது.

நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் பாதிப்பு இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் மௌனம்தான் அவளைப் பதிவு அலுவலகத்துக்குப் பிடித்துத் தள்ளியது.

அப்போதே கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கோட்டக்குப்பத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அங்கே வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார். ஊர்க்காரர்களுக்கென்று போனில் ஒரு குழு உண்டு. ஹபீப்புக்கு அதில் பெரிய பேர். யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் முதலில் போடுகிறவர் அவர்தான். தங்கை முகத்தில் சிரிப்பைப் பார்த்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. மச்சானுக்கு துஆ செய்யுங்கள் என்றாவது போட்டுவிடுவார். அது அடுத்த தெருவுக்குப் போவதற்கு முன் அந்த நாட்டுக்குப் போய்விடும். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர், அதுதான் பயமாக இருந்தது.

சொன்னால் சலீமின் விடுதலை போய்விடலாம். சொல்லாவிட்டால் வீடு நிச்சயம் போகும். இதில் இன்னொன்றும் இருந்தது. நான் அந்த அரண்மனை நண்பரின் பேச்சைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால்? இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் வீட்டோடு விளையாட எனக்கு யார் உரிமை கொடுத்தது? தம்பி வீட்டுக் கூடத்தில் நடந்து நடந்து கால் வலித்தது. "என்னக்கா, உக்காரேன்" என்று தம்பி மனைவி இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது எழுந்து ஆட்டோ பிடித்துப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அந்த ஒரு மணி நேரத்தை எப்படியாவது தின்றுவிட வேண்டும். எப்படி என்று ஆட்டோவில் ஏறும்போது தெரியாது.

பதிவு அலுவலகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே பத்திர எழுத்தர்களின் பெட்டிக்கடைகள், நகல் எடுக்கும் இயந்திரத்தின் சத்தம், உள்ளே வராந்தாவில் பெஞ்சுகள், பெஞ்சுகளில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போலத் துணி உடுத்தியவர்களும் சாவுக்கு வந்தவர்கள் போல முகம் வைத்தவர்களும். ஜெய்னப் இரண்டாவது ரகத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹபீப் தொழுகை முடித்து வந்து சேர்ந்தார். வீட்டை வாங்கவந்த கடலை மண்டிக்காரர் நெற்றியில் விபூதியோடு, கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேசாதவர். நான் யார் என்று ஹபீப் சொன்னதும் கும்பிட்டார். இவரை ஏமாற்றப் போகிறோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

"பத்திரத்தை நான் ஒருதரம் படிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"எழுத்தர் எல்லாம் கரெக்ட்டா எழுதிட்டாரு மேடம். டோக்கன் கூப்புடப் போறாங்க" என்றார் ஹபீப்.

"படிக்கட்டும்ணே" என்றாள் ஜெய்னப்.

படிக்க ஆரம்பித்தேன். வாழ்க்கையில் எத்தனையோ அறிக்கைகளைக் கண்ணால் மேய்ந்துவிட்டு ஒப்புதல் போட்டிருக்கிறேன். அந்தப் பத்திரத்தை மட்டும் எழுத்தெழுத்தாகப் படித்தேன். கிழக்கே தெரு, மேற்கே இன்னாருடைய மனை, வடக்கே பொதுச் சுவர். வில்லங்கச் சான்று எந்தத் தேதி வரைக்கும் எடுத்தது என்று கேட்டேன். மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள்தான், ஒரு கேள்விகூட அவசியமானது இல்லை. பத்திர எழுத்தர் ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். "படிச்சுக்கிட்டிருக்காங்க, அடுத்தவங்க போகட்டும்" என்று எழுத்தர் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

"இந்தப் பொதுச் சுவர் யாருக்குச் சொந்தம்?" என்றேன்.

ஒரு வார்த்தையில் பேசுகிற ஜெய்னப் அன்றைக்கு அந்தச் சுவரைப் பற்றி ஒரு பாட்டம் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரர் அதில் மாடிப்படி கட்ட வந்தது, அவள் அத்தா போய்த் தடுத்தது, ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தது, மழையில் ஒருமுறை பாதிச் சுவர் விழுந்தது, யார் செங்கல் போடுவது என்று மறுபடியும் சண்டை வந்தது. வீட்டை விட்டுப் போகிற துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். கேட்க எனக்குத் தாங்கவில்லை.

"அந்தச் சுவத்தக் கட்டிக்கினு அழுவறதுக்கா வந்தோம்?" என்றார் ஹபீப். அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அந்த ஆள்தான், அங்கிருந்து. பணம் கிளம்பிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மூணு மணிக்கு எமகண்டம் பொறந்துடும். அதுக்குள்ள கைநாட்டு, போட்டோ எல்லாம் ஆவணும். கொஞ்சம் ஜல்தியா பாருங்க."

"இதோ ஆச்சுங்க" என்றேன். கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். அதற்கு மேல் படிக்க ஒன்றும் இல்லை, சாட்சிகளின் பெயர்கள்தான் பாக்கி. நேரமும் நிறையப் பாக்கி இருந்தது. மறுபடி டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

ஹபீப் திடீரென்று என் எதிரில் வந்து குனிந்தார். அவர் குரல் மாறியிருந்தது.

"மேடம், நீங்க சும்மா வரல. உங்களுக்கு ஏதோ தெரியுது. மச்சான் பேரு எதுலனா வந்திருக்குதா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்தப் பத்திரத்தை இங்கயே கிழிச்சிப் போட்டுட்டு வீட்டுக்குப் போறோம். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, தங்கச்சி போய்க் கையெழுத்துப் போடட்டும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மேடம், உங்க காலப் புடிச்சுக்கறேன்."

நிஜமாகவே காலைத் தொடக் கை நீட்டினார். என்னால் முடியவில்லை. எவ்வளவோ கூட்டங்கள், எவ்வளவோ மிரட்டல்கள், எதற்கும் அசையாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. எல்லாம் அந்தப் பெஞ்சில் கரைந்துபோனது. சொல்லிவிடுவோம், வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தேன். "தம்பி, நான் சொல்றதை" என்று ஆரம்பித்தும்விட்டேன்.

ஜெய்னப் கத்தினாள்.

"அவுங்கள என்னாத்துக்குணே கேக்குற? அவுங்களுக்கு என்னா தெரியும்? ஏசி ரூம்ல உக்காந்துக்கினு பைலு பாக்கறவங்க. நம்ம கஷ்டம் அவுங்களுக்கு என்னா தெரியும்? ஒரு வருசமா ஒண்ணும் பண்ணல, இப்ப வந்து பத்திரம் படிக்கறாங்க பத்திரம்! இவுங்க மூஞ்சில முழிச்சிக்கினு நான் கையெழுத்துப் போடமாட்டேன்!"

வராந்தா முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு அம்மா, "பாவம், பொண்ணுக்கு மனசு சரியில்ல" என்றார். ஜெய்னப் எழுந்து, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டாள். ஹபீப் அவள் பின்னாலேயே ஓடினார். பாத்ரூம் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அவர் தட்டுவதும் கெஞ்சுவதும் வராந்தா வரைக்கும் கேட்டது.

நான் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அவள் சொன்னதில் பாதி உண்மை என்பதால் இன்னும் வலித்தது. ஒரு சிறைப் பார்வையாளர் அறையில் அவள் புருஷன் எலும்பும் தோலுமாக உட்கார்ந்து சொல்லியனுப்பிய பொய்யைத் தவிர அவளுக்கு நான் என்ன கொண்டுவந்து கொடுத்திருந்தேன்?

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மண்டிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். மணி மூன்று அடித்துவிட்டது.

"உங்கள நான் கொற சொல்லலமா" என்றார் அவளிடம். "இவ்ளோ அழுவாச்சியில இந்த வீட்ட வாங்க எனக்கு மனசு ஒப்பல. இந்த நேரமும் நல்லா இல்ல. நான் அந்த இன்னொரு எடத்தையே முடிச்சுக்கறேன். நீங்க வேற யாருக்கனா குடுத்துக்குங்க." எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹபீப் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். போன் மறுபடி அதிர்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு வெளியே டீக்கடைப் பக்கம் போனார். வீடு விற்கவில்லை, பணம் வராது என்று அந்த ஆளிடம் சொல்லப்போகிறார். அந்த வழி உண்மையோ பொய்யோ, அது அந்தக் குடும்பம் நம்பியிருந்த ஒரே வழி. அதை நான் அடைத்துவிட்டேன்.

என் போன் அடிக்கவில்லை. அங்கே ஜும்ஆ எப்போதோ முடிந்திருக்க வேண்டும். மூன்றேகால் ஆனது. வராந்தாவில் கூட்டம் குறைந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஓடிய நினைப்புகளை எல்லாம் எழுதினால் நீங்கள் இந்த வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். நண்பர் சொன்னது வெறும் எச்சரிக்கைதான், நான்தான் என் ஆசையை அதில் படித்துவிட்டேன் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன். ஜெய்னப் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

போன் அடித்தது.

அரண்மனை நண்பர் நலம் விசாரித்தார். தொழிலை விட்டாலும் பழக்கம் விடாது, முதலில் தம்பி வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். எனக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. பிறகு சொன்னார்: "இப்போதுதான் வானொலியில் வாசித்தார்கள். உங்கள் கணக்கர் பெயரும் வந்தது. இனி நீங்கள் தாராளமாகப் பேசலாம்."

நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. பெஞ்சில் நகர்ந்து ஜெய்னப் பக்கத்தில் போனேன்.

"ஜெய்னப், சலீம் பேர் வந்துடுச்சு. விடுதலை."

அவள் நிஜமா என்று கேட்கவில்லை. எப்போ வருவார் என்றும் கேட்கவில்லை. தலையை நிமிர்த்தாமலேயே மெதுவாகக் கேட்டாள்.

"அங்க எல்லாருக்கும் தெரியிற மாதிரி சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க. ரேடியோவிலேயே."

"இனிமே யாரு வாய்ல வந்தாலும் ஒண்ணும் ஆவாதே?"

"ஆகாது" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. நான் அவளிடம் மன்னர் ஆணையைப் பற்றியோ, பெயர் முன்கூட்டி வெளியே வரக்கூடாது என்பதைப் பற்றியோ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"எனக்கு என்னா மேடம் தெரியும்? காலைல வந்தப்போ ஒண்ணும் இல்லன்னுதான் நெனச்சேன். அப்புறம் நீங்க ஆட்டோ புடிச்சி வந்து இந்த பெஞ்சில உக்காந்தீங்க. அவ்ளோ பெரிய வேலைல இருக்கறவங்க எங்க வீட்டுச் சுவத்தப் பத்தி எதுக்குக் கேக்கணும்? ஏதோ இருக்குது, நேரத்த ஓட்டறாங்க, வெளிய சொல்லக்கூடாதது, அதனாலதான் சொல்லாம இருக்காங்கன்னு தோணிச்சு. அதான் நானும் சுவத்துக் கதைய இழுத்தேன்."

"அப்போ நீ கத்தினது?"

"நீங்க அண்ணன்கிட்ட சொல்ல ஆரம்பிச்சிட்டீங்களே மேடம்" என்றாள். "அண்ணன் நல்ல மனுசன்தான். ஆனா அதுகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. எனக்கு வேற என்னா பண்றதுன்னு தெரியல. தப்பா பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

நான் அந்த அரண்மனை நண்பரின் இரண்டு வாக்கியத்தை நம்பினேன். அவளுக்கு அதுகூட இல்லை. நான் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தன் வீட்டையும் புருஷனையும் பணயமாக என் பக்கம் வைத்துவிட்டாள். தயிர்சாதம் சாப்பிட்ட அந்த மூத்த அதிகாரி இதைக் கேட்டிருந்தால் என்னைத் திட்டியிருப்பார். நான் வாயை மூடிக்கொண்டு உடம்பு முழுவதாலும் பேசியிருக்கிறேன். அதைப் படித்தவள் கெட்டிக்காரியாக இருந்ததால் பிழைத்தோம். ஹபீப்பும்தான் பாதி படித்துவிட்டார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ரகசியம் காக்க உங்களுக்குப் பயிற்சி தருவார்கள், தரட்டும். ஆனால் எதிரில் இருப்பவரிடமிருந்து எதையோ மறைத்துக்கொண்டிருக்கிறோம் என்று நீங்கள் தவிக்கும்போது, அவரும் உங்களோடு சேர்ந்து அதன் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவரைப் புள்ளிவிவரமாகப் பார்த்தால் அது உங்கள் கண்ணில் படவே படாது.

டீக்கடையிலிருந்து ஹபீப் திரும்பி வந்துகொண்டிருந்தார். தோள் தொங்கிப் போயிருந்தது. ஜெய்னப் அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த துப்பட்டாவின் முனையை அப்போதுதான் விட்டாள். அது கசங்கிச் சுருண்டிருந்தது.

"அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க மேடம்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இப்ப அழலாமா?"

அழலாம் என்றேன். அதற்கு அனுமதி கொடுக்க நான் யார் என்பது, அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தபோதுதான் தோன்றியது.